மூன்றாம் நாளே வீடு

1980-களில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது கம்பத்திலிருந்து வாடகைக் காரில் மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே வாரக்கணக்கில் மல்லாந்தே கிடந்தார். புரண்டு படுக்கக்கூடாது, சவரம் பண்ணக்கூடக் கையைத் தூக்கக்கூடாது. அம்மாதான் கஞ்சி ஊட்டினாள். ஊர் திரும்பியபோது திராட்சைப் பந்தலுக்குள் நாலு எட்டு வைக்கவே கால் நடுங்கியது.

மாரடைப்பு வந்தவர்களை முதல் வாரத்திலேயே நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்று பாஸ்டனில் லெவின், லவுன் என்ற இரண்டு டாக்டர்கள் 1952-லேயே எழுதிவிட்டார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. இதைப் பிற்பாடு படித்தபோது மனசு ஆறவில்லை.

அண்ணனுக்கு வந்தது போன வருஷம், தோட்டத்தில் மருந்தடிக்கும்போது. 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்து மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விழுங்கவைத்து 108-ல் ஏற்றினார்கள். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். மறுநாள் நடந்தார். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் என்றதும் மதினி பதறிவிட்டார்.

“இம்புட்டு வெரசா அனுப்புறீகளே, ராத்திரி ஏதாச்சும் ஆச்சுன்னா?”

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: அடைப்பு திறந்தாச்சு, மற்ற குழாய்கள் சுத்தம், எக்கோவில் பம்பிங் நன்றாக இருக்கிறது, துடிப்பில் பிசகில்லை. இதில் ஒன்று குறைந்தாலும் அனுப்பமாட்டார்களாம். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2017-ல் தந்த வழிகாட்டுதலும், ஆபத்து குறைந்தவர்களை 48 முதல் 72 மணி நேரத்தில் அனுப்பலாம் என்கிறது. ஆனால் வீட்டுக்குப் போனபின் கவனிக்க ஏற்பாடு இருக்கவேண்டும்.

என் கவலை அந்த ஏற்பாட்டைப் பற்றியதுதான். அப்பா கிடந்த கிடையைப் பார்த்து வீடே நடுங்கியது. அதன்பிறகு அவர் பீடியைத் தொடவில்லை. அண்ணனோ மூணே நாளில் வந்துவிட்டதால் வியாதியே சின்னது என்று நினைத்துக்கொண்டார். கொஞ்ச நாளிலேயே சட்டையில் பீடி வாடை. “வலிதான் நின்னுபோச்சே, எதுக்குண்ணே இத்தன மாத்திரை?” என்று பக்கத்துத் தோட்டக்காரர் வேறு. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் இரண்டு மாத்திரைகளைப் பொதுவாக ஒரு வருஷம் விடாமல் போடவேண்டும்; பாதியில் நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். மதினி காலண்டர் தாளில் தினமும் ரெண்டு கோடு போட்டுவைக்கிறார்.

வீட்டில் ஏதாவது ஆனால் ஓடவேண்டிய தூரம், கம்பத்திலிருந்து க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 50 கிலோமீட்டர் போல வரும். சீக்கிரம் அனுப்புங்கள், நல்லதுதான். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கு வருவதுபோல, ஸ்டென்ட் வைத்தவரையும் முதல் வாரத்திலேயே ஒருவர் வந்து பார்க்கட்டும். டிஸ்சார்ஜ் சீட்டில், நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் கூப்பிட 108-ஐயும், சந்தேகம் கேட்க ஒரு நர்ஸின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுங்கள்.