திருவண்ணாமலைக்கு வான்வழி

இரு ஊர்களுக்கு இடையிலான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நொடியில் சொல்லிவிடும் கணிப்பிகளுக்கு, அந்த ஊர்களில் விமான நிலையம் உண்டா என்று விசாரிக்கும் வழக்கம் இல்லை. சென்னையையும் திருவண்ணாமலையையும் அவற்றிடம் கொடுத்தால், புவிப்பரப்பின் மீது இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோடாகிய பெருவட்டத் தொலைவு ஏறக்குறைய 160 கிலோமீட்டர் என்று கண்டு, அதை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, 12 நிமிடம் போதும் என்று தீர்ப்பளித்துவிடும். இக்கணக்கில் வகுத்தல் பிழை ஏதும் இல்லை; இறங்குவதற்கு ஓடுதளம்தான் இல்லை. ஆகவே பயணி கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறி, திண்டிவனம், செஞ்சி வழியாக நான்கைந்து மணி நேரத்தில் வந்து சேர்கிறார்.

ஓடுதளம் உள்ள ஊர்களிலும் நிலைமை பெரிதாக மாறிவிடுவதில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே வானில் கழிவது முக்கால் மணி நேரமே என்றாலும், பயணச்சீட்டில் ஒரு மணிக்கு மேல் அச்சாகியிருக்கும்; விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல் மறு ஊரில் மீண்டும் நிற்பது வரையிலான 'பிளாக் நேரம்' அது. தாமதம் வெளியே தெரியாதபடி அதில் சில நிமிடங்களைக் கூட்டிவைப்பதும் இத்தொழிலில் ஊரறிந்த வழக்கம்.

தூரக் கணக்கை நம்பித் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டவர்களுள் புகழ்பெற்றவர் ரமண மகரிஷி. 1896 ஆகஸ்ட் 29 அன்று, பதினாறு வயதில் மதுரையை விட்டுக் கிளம்பிய அவர், பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்துத் திண்டிவனமே அருகிலுள்ள ரயில் நிலையம் என்று முடிவு செய்து, 2 ரூபாய் 13 அணாவுக்குச் சீட்டு வாங்கினார். விழுப்புரத்தில் வண்டி மாறினால் திருவண்ணாமலைக்கே ரயிலில் போகலாம் என்ற செய்தி, நிலப்படத்தில் இல்லாமல், அதே பெட்டியில் வந்த மௌலவி ஒருவரிடம் இருந்தது. இன்றைய கணிப்பிகளில் இந்த வசதி இன்னும் சேர்க்கப்படவில்லை. கையிருப்புக் கரைந்து, இடையில் நடந்தும் வந்த அவர், செப்டம்பர் 1 அன்று ஊரை அடைந்தார்.

விமான நிலையம் இல்லாவிட்டாலும் இவ்வூருக்குப் பறத்தல் வரலாறு இல்லாமல் இல்லை. அருணகிரிநாதர் கிளியுருவில் பறந்ததாகச் சொல்லும் மரபுக்குக் கிளிக்கோபுரம் சான்றாக நிற்கிறது. அவருக்கும் முன்னர், அடிமுடி காணாத சோதியின் முடியைத் தேடி அன்னமாக மேலெழுந்த பிரமன், சேருமிடத்தின் உயரம் தெரியாமலே புறப்பட்டவன். தூரம் முடிவிலியாக இருக்கையில் எவ்வளவு வேகத்தால் வகுத்தாலும் நேரம் முடிவிலியே என்பதை அவன் பறந்துதான் அறிந்தான். முடியைக் கண்டதாக அவனுக்குப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூ சிவபூசைக்கு ஆகாததாயிற்று. கால அட்டவணை தயாரிப்போருக்கு அத்தகைய தண்டனை ஏதும் விதிக்கப்பட்டதாகப் புராணங்களில் இல்லை.

கணிப்பிகள் முற்றிலும் கைவிரிக்கும் பயணம் கிரிவலமே. புறப்பட்ட இடத்திலேயே முடிவதால் அதன் பெருவட்டத் தொலைவும் பறக்கும் நேரமும் சுழி. கால்களோ 14 கிலோமீட்டர் என்றும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் என்றும் வேறு கணக்கு வைத்திருக்கின்றன. கார்த்திகை தீபத்தன்று ஊருக்கு வெளியே அமைக்கப்படும் தற்காலிகப் பேருந்து நிலையம் வரை நடக்கும் தூரம் இவ்விரண்டிலும் சேராது.