கோடையில் ஒரு கொடை

நவம்பர் பிறந்தால் போதும், இந்திய அறிவியலின் கருணை ஊற்றெடுத்துவிடும். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் என்று மூன்று ஊர்களில் வீற்றிருக்கும் மூன்று அறிவியல் அகாதெமிகளும் ஒன்றுகூடி, 'அடுத்த கோடையில் வாருங்கள், எட்டு வாரம் ஆராய்ச்சி செய்யுங்கள், உதவித்தொகையும் உண்டு' என்று இளநிலை மாணவர்களை அழைக்கும். ஐஐடிகள் தனித்தனியாக அழைக்கும். மும்பையிலிருந்து டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அழைக்கும். ஜெர்மனிகூட அழைக்கும், 'முதலில் இங்கிருக்கும் ஒரு பேராசிரியரிடம் அழைப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு வா, பிறகு நாங்கள் அழைக்கிறோம்' என்று அழைக்கும். இத்தனை பேர் கூவியும், தருமபுரிப் பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் ஒரு பெண் போய்ச் சேரவில்லை என்றால் குற்றம் யாருடையது? அவளுடையதுதான். இதில் என்ன சந்தேகம்?

விண்ணப்பத்தில் அவளிடம் அதிகமாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. அவளை நன்கறிந்த ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், அவ்வளவுதான். அவளை நன்கறிந்தவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். ஆண்டுக்குப் பதினோரு மாதம் சம்பளம் வாங்குபவர். மே மாதம் கிடையாது. மே மாதத்தில் விரிவுரையாளருக்குப் பசிக்காது என்பது நமது உயர்கல்வித் துறையின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஏனோ எந்த அகாதெமியும் அதற்கு இன்னும் விருது கொடுக்கவில்லை. இவரைப் போன்றவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யுஜிசி 2019-லேயே சொல்லிவிட்டது. அதில் பாதியை எட்டுவதற்கே பந்தல் போட்டு உட்கார வேண்டியிருந்தது. அந்த மனிதர் இரவு பதினொரு மணிக்கு, தன் செல்போனில், தன் டேட்டாவில், ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தட்டுகிறார். இதுவரை அவர் எழுதியதெல்லாம் நன்னடத்தைச் சான்றிதழ்தான். ஆகவே இதுவும் அப்படியே வருகிறது: இம்மாணவி ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருபவர், அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.

அதே தேர்வுக் குழுவின் மேசைக்கு இன்னொரு கடிதமும் வருகிறது. பெருநகரத்துப் பெரிய நிறுவனத்தின் பேராசிரியர் எழுதியது. 'இந்த மாணவன் பிளஸ் டூ முடித்த விடுமுறையிலேயே என் ஆய்வகத்தில் வேலை செய்தவன்.' ஆம், செய்தவன்தான். அப்பாவும் பேராசிரியரும் ஒன்றாகப் படித்தவர்கள். பையன் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவான். குழு இரண்டு கடிதங்களையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கிறது. எது கனக்கிறதோ அதற்குத் தகுதி என்று பெயர். தராசில் யாருடைய கையும் படவில்லை. படவேண்டிய அவசியமே இல்லாதபடி தராசைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, ஆராய்ச்சி ஆர்வத்தைப் பற்றி ஒரு சிறு கட்டுரை. எதில் ஆர்வம் என்று அவள் எழுதுவாள்? அவள் கல்லூரி ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றுதான் ஓடும். ஒருத்தி பட்டகத்தைத் திருப்ப, மற்ற பத்தொன்பது பேரும் தாங்களே அளவெடுத்ததாக ரெக்கார்டு நோட்டில் எழுதுவார்கள். சோடியம் விளக்கு முழுப் பிரகாசத்தோடு எரிவது, கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு பார்வைக்கு வரும் அன்று. ஒளி மஞ்சளாக இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டதே பெரும்பேறு. அதன் மேல் 'கோட்பாட்டு இயற்பியலில் எந்தப் பிரிவில் ஈடுபாடு?' என்று கேட்டால், பாவம், அவள் இணையத்தில் யாரோ எழுதிய நான்கு வரியைத் தன்னுடையதாக எழுதுகிறாள். குழு அதைப் படித்துவிட்டு, 'இன்றைய மாணவர்களிடம் சுயசிந்தனை இல்லை' என்று தேநீர் இடைவேளையில் வருந்துகிறது.

போகட்டும், ஏதோ தவறு நடந்து அவள் தேர்வாகிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். மே மாதம் வந்து சேரச் சொல்கிறார்கள். மே மாதம் அவளுக்குச் செமஸ்டர் தேர்வு. கோடை எப்போது தொடங்குகிறது என்பதில் அகாதெமிகளுக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அதைச் சூரியன்தான் வந்து தீர்த்துவைக்க வேண்டும். தங்குமிடம்? 'இருப்பைப் பொறுத்து.' பெற்ற மகளை எட்டு வாரம் வெளியூர் அனுப்பும் தகப்பனுக்கு இதைவிட ஆறுதலான இரண்டு சொற்கள் தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை.

அந்தத் தகப்பனுக்கு வேறு கவலையும் இருக்கிறது. கோடை என்பது ஆராய்ச்சிக்கு ஓய்வாகக் கிடைத்த காலம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை கிருஷ்ணகிரி பக்கம் போய்ப் பார்க்கட்டும். மாம்பழம் வந்து குவியும் காலம் அது. மாங்கூழ் ஆலைகளில் ஆள் எடுப்பார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஆள் வேண்டும், முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாற ஆள் வேண்டும். தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு பழம் கழுவும் வரிசையில் நிற்பவர்களில் பி.எஸ்ஸி. இருக்கிறது, பி.காம். இருக்கிறது. அடுத்த ஆண்டுக் கட்டணமும் தம்பியின் நோட்டுப் புத்தகமும் அந்த இரண்டு மாதத்திலிருந்துதான் வர வேண்டும்.

"பணம் குடுப்பாங்க ஐயா, தைரியமா அனுப்புங்க."

"எப்ப சார் குடுப்பாங்க?"

"போய்ச் சேர்ந்து, கணக்கு நம்பரெல்லாம் குடுத்து... முடிக்கறதுக்குள்ள வந்துரும்."

"அதுவரைக்கும் சோத்துக்கு?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்த அறிவிப்பிலும் பதில் இல்லை. போகும்போதே பயணச்சீட்டுக்குப் பணம் வேண்டும், விடுதிக்கு முன்பணம் வேண்டும், மெஸ்ஸுக்குக் கட்ட வேண்டும். உதவித்தொகை பின்னால் வரும். எவ்வளவு பின்னால் என்பது அந்தந்தத் திட்டத்தின் தலையெழுத்து. ஆக, கையில் ஏற்கெனவே பணம் உள்ளவருக்கு மட்டுமே எட்டும் தூரத்தில் பணத்தைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நம் பெண்ணுக்கு ஒரே வழி, அம்மாவின் தோடு. அது அடகுக் கடைக்குப் போகிறது. இந்தியா தன் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது என்று அரசே சொல்கிறது. அந்தத் தோட்டையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு கொஞ்சம் கூடும். புள்ளியியல் துறை கவனிக்க வேண்டும்.

டெல்லிக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். 2008 டிசம்பரில் இன்ஸ்பயர் என்ற பெருந்திட்டத்தைத் தொடங்கினார்கள். பிளஸ் டூ தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் ஓடாமல் அடிப்படை அறிவியல் படிக்க வருபவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 மாதம் ஐயாயிரம் என்ற கணக்கில். மிச்சம் 20,000 கோடை ஆராய்ச்சிக்கு. நல்ல எண்ணம்தான், அதை மறுப்பவன் அல்லன். ஆனால் ஒரு கிராமத்து மாணவர் தன் கோடைக்கு எங்கிருந்து வழிகாட்டியைப் பிடிப்பார் என்ற அற்பக் கேள்வியில் அறிவியல் தொழில்நுட்பத் துறை இறங்கவில்லை. அறிக்கையும் வழிகாட்டியின் சான்றிதழும் பதிவேறினால் போதும். இதனால் செழித்த அறிவியல் நிறுவனம் ஒன்று உண்டென்றால் அது கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடை. சென்ற ஆண்டு ஒருவர் செய்த 'வேப்பிலைச் சாற்றின் கிருமிநாசினிப் பண்புகள்' இந்த ஆண்டு பெயர் மாறி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, கையொப்பத்தோடு மறுபிறவி எடுக்கிறது. வேப்பிலைக்குப் பதில் துளசி போட்டால் புதிய ஆய்வு. இதற்காக மாணவரைத் திட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆய்வகமும் இல்லை, ஆளும் இல்லை, அறிக்கை மட்டும் வேண்டும் என்று கேட்டது நீங்கள். கேட்டதை அவன் கொடுத்துவிட்டான்.

இந்தப் பணம்கூட எப்போது வரும் என்று இன்ஸ்பயர் மாணவரிடம் கேட்காதீர்கள், அழுதுவிடுவார். அதே திட்டத்தில் முனைவர் பட்டம் செய்பவர்களே 2024-லும் 2025-லும் மாதக்கணக்கில் தொகை வராமல் பொதுவெளியில் புலம்பினார்கள். பணம் அனுப்பும் முறையை அப்போது சீரமைத்துக்கொண்டிருந்தார்களாம். சீரமைப்பு நடக்கும்போது வயிறு விடுமுறையில் இருக்க வேண்டும்.

இன்ஸ்பயருக்கு ஓர் அண்ணன் இருந்தான். 1999-ல் பிறந்தவன், பெயர் கிஷோர் வைக்ஞானிக் புரோத்சாகன் யோஜனா. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் விண்ணப்பக் கெடு முடிந்துவிடும். நுழைவுத்தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். அறிவியலுக்கு மொழி கிடையாது என்பார்கள். கிடையாதுதான், இந்த இரண்டைத் தவிர. ஏன் தமிழில் இல்லை என்று 2021-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்கு போனது. நவம்பர் 7-ல் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. தள்ளித் தள்ளி 2022 மே மாதம் ஒரு தேர்வு நடந்தது. அதுதான் கடைசி. அந்தத் திட்டத்தை இன்ஸ்பயரோடு சேர்த்துவிட்டோம் என்று துறை அறிவித்தது. தமிழிலும் வேண்டும் என்று கேட்டவர்களுக்குச் சமநீதி கிடைத்துவிட்டது: இப்போது எந்த மொழியிலும் தேர்வு இல்லை.

டிசம்பர் 22 வந்தால் மட்டும் எல்லோருக்கும் ராமானுஜன் நினைவு வரும். மாலை போட்டுவிட்டு, 'கிராமங்களில் எத்தனை ராமானுஜன்கள் இருக்கிறார்களோ' என்று குரல் தழுதழுப்பார்கள். அந்த மாலை போடுபவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் அவருக்குக் குமாஸ்தா வேலை, மாதம் 30 ரூபாய். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது, மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. எஃப்.ஏ. தேர்விலேயே தோற்றவர், பட்டம் கிடையாது, விதிப்படி தகுதியே கிடையாது. விதியை வளைத்துத்தான் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில், குமாஸ்தா சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. இன்று தமிழ்நாட்டில் இளநிலை உதவியாளரின் அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. இரண்டரை மடங்கு போட்டால் 48,750. நாம் தருவது ஐயாயிரம். ராமானுஜன் இன்று வந்தால் துறைமுக வேலையை விட்டுவிட்டு வருவாரா? வீட்டில் விடமாட்டார்கள். அம்மா கோமளத்தம்மாள் விவரமானவர்.

இதற்கிடையே இன்னொரு முன்னேற்றமும் நடந்திருக்கிறது. உதவித்தொகை கொடுத்து மாணவரை அழைப்பது பழைய பாணி. மாணவரிடமே தொகை வாங்கிக்கொண்டு சேர்ப்பது புதிய பாணி. அரசு ஆய்வகங்களிலேயே சில, கோடைத் திட்டத்துக்கு வரும் மாணவரிடம் பெஞ்ச் ஃபீஸ் வசூலிக்கின்றன. இளநிலைப் பட்டத்துக்கு இன்டர்ன்ஷிப் வேண்டும், 60 மணி நேரம் முதல் 120 மணி நேரம் வரை செய்யுங்கள் என்று யுஜிசி வழிகாட்டுகிறது. இத்தனை லட்சம் மாணவருக்கு அத்தனை மணி நேரத்தை யார் தருவார்கள்? தெருமுனையில் ஒரு கம்ப்யூட்டரும் வண்ண அச்சுப்பொறியும் வைத்திருப்பவர் தருவார். வாட்ஸ்அப்பில் விளம்பரம் வரும். ஜிபே செய்தால் சான்றிதழ் பிடிஎஃப்பாக வரும். ஆராய்ச்சி எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை.

அரசிடம் பணம் இல்லை, என்ன செய்வது என்று இளகிய மனம் கொண்ட யாராவது கேட்கக்கூடும். 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தனியார் நிறுவனங்கள் ஆராய்ச்சி செய்வதற்கு ஒரு லட்சம் கோடி ரூபாய். நீண்டகாலக் கடன், குறைந்த வட்டி அல்லது வட்டியே இல்லை. தருமபுரியில் அடகுக் கடையில் இருக்கும் தோட்டுக்கு வட்டி உண்டு. ஒருவேளை அந்த அம்மாளும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டால் ஏதாவது வழி பிறக்கும்.

மாணவருக்குத் தொகையை உயர்த்தினால் நிதிச்சுமை என்கிறார்கள். இன்ஸ்பயர் தொடங்கிய 2008-ல் நாடாளுமன்ற உறுப்பினரின் மாதச் சம்பளம் 16,000 ரூபாய். பிறகு 50,000 ஆனது, ஒரு லட்சம் ஆனது, 2023 ஏப்ரல் முதல் 1,24,000. விலைவாசிக் குறியீட்டோடு அதை முடிச்சுப் போட்டுவிட்டதால் இனி யாரும் கையேந்திக் கேட்கக்கூட வேண்டியதில்லை, தானே ஏறும். மாணவரின் 80,000 மட்டும் 2008-ல் வைத்த இடத்திலேயே இருக்கிறது. இந்த நாட்டில் விலைவாசி யாரை மட்டும் தேடிப் பிடித்து ஏறுகிறது, யாரைத் தொடாமல் விட்டுவிடுகிறது என்பது நல்லதொரு கோடைத் திட்டம். எட்டு வாரமெல்லாம் வேண்டாம், எட்டு நிமிடம் போதும். வழிகாட்ட முன்வரும் எம்.பி. யாராவது இருந்தால் நவம்பர் 30-க்குள் பரிந்துரைக் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம். தங்குமிடம் இருப்பைப் பொறுத்து.