நாலு எம்.பி. ஒண்டுக்குடித்தனத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: தங்கள் ரௌட்டரை 2014 முதல் வைத்துக் காப்பாற்றி வரும் ஜெராக்ஸ் கடைக்காரன், தாலுகா ஆபீஸ் எதிரில்.

பெறுநர்: ஃபர்ம்வேர் அப்டேட் பிரிவின் உயர்திரு தலைவர் அவர்கள் சமூகத்திற்கு.

பொருள்: ஒண்டுக்குடித்தனம் – வாசல் பூட்டை மட்டும் மாற்றித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் மெயில். சிவப்பு எழுத்து. 'உடனடியாக'.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எத்தனையோ வேலைகளுக்கு நடுவில், பல வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய ரௌட்டரை ஞாபகம் வைத்து மெயில் போட்டீர்களே, அந்தப் பெரிய மனசுக்கு முதலில் ஒரு கும்பிடு. என் மச்சான்கூட அந்த வருஷம் வாங்கிய கைமாற்றை மறந்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை ஒரு வேலைவாய்ப்பு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அன்றைக்குப் போய் எவனாவது ரௌட்டரில் கை வைப்பானா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் சிவப்பில் எழுதியிருந்தீர்களே. கடிதத்தில் சிவப்பு மையைக் கண்டால் எழுந்து நின்றுவிடும் பரம்பரை நாங்கள். கடை திறப்பதற்கு முன்பே, காலை 7.40-க்கு, ஃபைலை இறக்கி அப்கிரேடு பொத்தானை அமுக்கினேன். பதில் வந்தது: 'போதிய நினைவகம் இல்லை. தேவையற்றவற்றை நீக்கிவிட்டு மீண்டும் முயலவும்.'

தேவையற்றவை. ரௌட்டரில். இத்தனை வருஷத்தில் அதற்குள் நான் சேர்த்த சொத்து ஒரு வைஃபை பெயரும் ஒரு பாஸ்வேர்டும்தான். இரண்டில் எதை விற்பது என்று கேட்கத் தங்கள் கஸ்டமர் கேருக்கு ஃபோன் போட்டேன்.

"போட்டோஸ், வீடியோஸ் இருந்தா டெலீட் பண்ணிப் பாருங்க சார்."

"அம்மா, இது ரௌட்டர்."

"ஆமா சார். யூஸ் பண்ணாத ஆப்ஸையும் அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க சார்."

அந்தப் பெண் மேல் எனக்கு வருத்தமில்லை. எதிரே எழுதி வைத்ததைப் படித்தது. எழுதி வைத்தவரைத்தான் ஒருமுறை நேரில் பார்த்து மாலை போட ஆசை.

கட்டடத்தைக் குறை சொல்ல மாட்டேன் ஐயா. ஒண்டுக்குடித்தனம் என்று தெரிந்துதான் குடிவந்தேன். ஃபிளாஷ் 4 எம்.பி. (எங்கள் தொகுதிக்கே ஒரு எம்.பி.தான், என் ரௌட்டருக்கு நாலு. கூப்பிட்டால் இரண்டு இடத்திலும் பதில் வராது.) அதை 64 கே.பி. வீதம் 64 அறையாகத் தடுத்திருக்கிறீர்கள். வாசலில் இரண்டு அறை வாட்ச்மேன் பூட்லோடருக்கு. பவர் வந்ததும் கதவைத் திறந்து மற்றவர்களை எழுப்பிவிடுவது அவர் வேலை. கடைக்கோடி அறையை வீட்டுக்காரரான தாங்களே பூட்டி வைத்திருக்கிறீர்கள். அந்தந்தப் பெட்டியின் ரேடியோவுக்கென்று அளந்து எழுதிய கணக்கு அதற்குள் இருக்கிறது. அதை அழித்தால் வைஃபைக்குக் காரியம்தான். அதற்கு முந்திய அறை என் டைரி. போக மிச்சம் 60 அறை, அதாவது 39,32,160 பைட்டு.

தாங்கள் அனுப்பிய புது ஃபர்ம்வேரும் ஒரு பைட்டு கூடாமல் குறையாமல் 39,32,160. பழையதும் இதே அளவுதான், ஆனால் அதில் கொஞ்சம் இடம் அட்டைப்பெட்டிக்குள் திணிக்கிற பழைய பேப்பர் மாதிரி வெறும் நிரப்பல். புதியதில் குண்டூசி வைக்க இடமில்லை.

அது போகட்டும். சங்கடம் கூடத்தில்தான். கூடம் என்றால் ரேம், 32 எம்.பி. கெர்னல், வைஃபை டிரைவர், வாடிக்கையாளர் ஃபோன்கள் திறந்து போட்டிருக்கும் இணைப்புகள் எல்லாம் அங்கேதான் பாய் விரித்துப் படுத்திருக்கின்றன. புதுக் குடித்தனக்காரர் சட்டி பானையோடு முதலில் இந்தக் கூடத்தில் வந்து நிற்க வேண்டும். முழுசாக வந்து நின்ற பிறகுதான் பழையவரைக் காலி செய்ய முடியும். பழையவர் இறங்கி, புதியவர் ஏறும் அந்த ஒன்றிரண்டு நிமிஷம் வீடு யார் பேரிலும் இல்லை. அப்போது கரண்ட் போனால் கூடத்தில் நின்றவர் ஆவியாகிவிடுவார், பழையவர் ஏற்கெனவே தெருவில், வாட்ச்மேன் மட்டும் காலி வீட்டுக்குக் காவல்.

கடையே திறக்காத 7.40-க்குக் கூடத்தில் யார் படுத்திருந்தது என்று பார்த்தேன். பக்கத்து டீக்கடைக்காரர் ஃபோன், அவர் மகன் ஃபோன், மாடி வீட்டு டிவி. என் பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் ரகசியம் போலிருக்கிறது.

சரியென்று ஆஃப் செய்து ஆன் செய்தேன். இதை யாரும் கேலி செய்ய வேண்டாம். 2018 மே மாதம், விபிஎன்ஃபில்டர் என்ற நச்சு நிரல் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் 5 லட்சம் ரௌட்டர்களுக்குள் புகுந்தபோது, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே உலகத்துக்குச் சொன்ன வைத்தியம் ரௌட்டரை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்பதுதான். கூடத்தில் சட்டமாக உட்கார்ந்திருக்கும் அழையா விருந்தாளி விளக்கை அணைத்தால் போய்விடுவான். பரணில் ஒளிந்திருப்பவன் இருப்பான், அது வேறு விஷயம்.

கூடம் காலியானது. வைஃபையை நிறுத்தினேன். கேபிள் போட்டு ஒரே ஒரு கம்ப்யூட்டர். யு.பி.எஸ். வேறு. பொத்தானை அமுக்கினேன். புதுக் குடித்தனம் உள்ளே நுழைந்தது. 20, 40, 62 சதவீதம். நின்றது. சாமான் பாதி உள்ளே, பாதி படியில். பிறகு எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன, அம்மன் கோயில் கொடைக்குப் போட்ட சீரியல் செட்டு மாதிரி. அழகாகத்தான் இருந்தது. கரண்ட் போகவில்லை என்பதையும் இவ்விடத்தில் பணிவோடு பதிவு செய்கிறேன். மின்வாரியத்தைத் திட்டவும் வழியில்லாமல் செய்துவிட்டீர்கள்.

இந்த அப்டேட்டில் என்னென்ன கொடுத்திருக்கிறீர்கள் என்று பிறகு படித்துப் பார்த்தேன். பாதுகாப்புத் திருத்தம் என்று ஒரு வரி. அப்புறம் மொபைல் செயலி வழிக் கட்டுப்பாடு, கிளவுட் கணக்கு, குழந்தைகள் பார்க்கும் தளங்களுக்குக் கடிவாளம், பக்கத்தை அழகாக்கும் புது வண்ணங்கள். ஐயா, வாசல் பூட்டு உடைந்திருக்கிறது, அதை மாற்றினால் போதும் என்றுதானே இருந்தேன்? ஒண்டுக்குடித்தனத்து மொட்டை மாடியில் நீச்சல் குளம் கட்டி, அந்தத் தண்ணீருக்குள் பூட்டைப் போட்டு, முங்கி எடுத்துக்கொள் என்கிறீர்கள். 2017 அக்டோபரில் மத்தி வன்ஹூஃப் என்ற பெல்ஜியம் ஆராய்ச்சியாளர் வைஃபையைக் காக்கும் டபிள்யூ.பி.ஏ.2 பூட்டிலேயே ஓட்டை இருப்பதைக் காட்டிய நாளிலிருந்து, எங்களைப் போன்றவர்கள் கேட்பது பூட்டு, பூட்டு, பூட்டு மட்டும்தான்.

சுருக்குவது எப்படி என்று தெரியாவிட்டால் என்னிடம் ஆள் அனுப்புங்கள். அதுதான் என் பிழைப்பு. எந்த விண்ணப்பத் தளமானாலும் போட்டோ 50 கே.பி.க்குள், கையெழுத்து 20 கே.பி.க்குள் என்பான். மூக்கும் காதும் தெரிய வேண்டும், பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், 51 ஆனால் திருப்பி அனுப்புவான். நாளைக்கு நாற்பது முகத்தை நான் 49 கே.பி.க்குள் உட்கார வைக்கிறேன். ஒரு பூட்டை அவ்வளவு இடத்தில் வைக்கத் தங்கள் பொறியாளர்களுக்கு முடியாதா?

வீட்டுக்காரர்கள் இடத்தைச் சுருக்குவது புதிதல்ல என்பதும் தெரியும். 2002 டிசம்பரில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற புகழ்பெற்ற நீல ரௌட்டரின் நாலாம் பதிப்பில் 4 எம்.பி. ஃபிளாஷ், 16 எம்.பி. ரேம். 2005-இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதே நீலம், அதே பெயர்ப்பலகை. உள்ளே போனால் 2 எம்.பி., 8 எம்.பி. லினக்ஸுக்கு இடம் போதாமல் அதையும் காலி செய்துவிட்டு வி.எக்ஸ்.ஒர்க்ஸைக் குடிவைத்தார்கள். லினக்ஸோடு பழைய அளவு வீடுதான் வேண்டும் என்றவர்களுக்கு, பெயரில் ஒரு 'எல்' சேர்த்துத் தனியாக விற்றார்கள். அந்த ரௌட்டரிலிருந்து பிறந்த ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் திட்டம், எங்களைப் போன்றவர்களின் குடியிருப்போர் சங்கம். அவர்களே 2021-இல் 21.02 பதிப்போடு, 8 எம்.பி. ஃபிளாஷும் 64 எம்.பி. ரேமும் இல்லாதவர்கள் மன்னிக்க வேண்டும் என்று கையைக் கூப்பிவிட்டார்கள். சங்கமே கைவிட்டவனுக்குத் தாங்கள் மெயில் போட்டீர்கள் என்பதால்தான் அத்தனை நெகிழ்ச்சி.

நெகிழ்ச்சி மதியம் மூன்று மணி வரை இருந்தது. கடையில் பதினோரு பேர். மூன்று கம்ப்யூட்டருக்கும் என் ஃபோன் ஹாட்ஸ்பாட். அப்போது ஒருவர் வந்தார். நூறு நாள் வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, மகளின் சான்றிதழ்களை மஞ்சள் பையில் மடிப்பு விழாமல் ஒரு அட்டையோடு வைத்துக் கொண்டு வந்திருந்தார். அவர் முறை வந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. விவரம் எல்லாம் ஏற்றினேன். போட்டோ 49 கே.பி. பணம் கட்டும் பக்கத்தில் வட்டம் சுற்றியது. அவர் கணக்கில் பணம் கழிந்தது, ரசீது வரவில்லை, மறுபடி திறந்தால் நேரம் முடிந்தது என்றது தளம். அவர் பையை மடித்துக்கொண்டே, "பரவால்ல தம்பி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார்.

நான் என்ன பண்ணுவேன் என்பது கிடக்கட்டும். நீங்கள் என்ன பண்ணினீர்கள்? அனுப்புவதற்கு முன் அந்தப் பழைய மாடலில் ஒன்றைத் தூசி தட்டி மேசையில் வைத்து, நாலு ஃபோனைச் சேர்த்து, ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தீர்களா? விற்கும்போது சிப்பில் சில்லறை மிச்சம் பிடித்தது நீங்கள். இடம் போதாது என்று தெரிந்தே அதில் குப்பையைத் திணித்தது நீங்கள். அது வெடித்தால் 'தேவையற்றவற்றை நீக்கவும்' என்று என்னிடம் சொல்வதும் நீங்கள். நன்றாக ஓடுகிற பெட்டியைக் கொன்றுவிட்டு, கொன்ற கையோடு புது மாடலுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்று அடுத்த மெயில் போட வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவும். சூடு ஏறிவிட்டது. ரௌட்டருக்கும் எனக்கும் காற்றோட்டம் போதாது, ஒண்டுக்குடித்தனம் அல்லவா.

தங்கள் வாட்ச்மேனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஊக்கால் ரீசெட் ஓட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டே பவர் போட்டேன். வீடு முழுக்கக் காலி, ஆனால் மனுஷர் முழித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு குறிப்பிட்ட பெயருள்ள ஃபைலை மட்டும் கேட்டார். எழுத்து மாறினால் வாங்க மாட்டார். பழைய ஃபர்ம்வேருக்கு அந்தப் பெயரைச் சூட்டி டி.எஃப்.டி.பி. வழியாக அனுப்பினேன். 1981-இல் எழுதி 1992-இல் திருத்திய விதிமுறை அது. மூட்டைக்கு 512 பைட்டு. ஒன்று வந்து சேர்ந்தது என்று அவர் ரசீது கொடுத்த பிறகுதான் அடுத்ததைத் தூக்க வேண்டும். மொத்தம் 7,680 மூட்டை. கணக்கு மிச்சமில்லாமல் வகுபடுவதால், கடைசியில் வெறுங்கையோடு ஓர் ஆள் போய் 'அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டு வர வேண்டும். சொல்லாவிட்டால் வாட்ச்மேன் இன்னும் வரும் என்று காத்துக்கொண்டே நிற்பார். ரசீது தராமல் பணத்தைப் பிடுங்கிய இந்தக் காலத்துத் தளத்தை நினைத்துக்கொண்டேன்.

சில நிமிஷத்தில் பழைய குடித்தனக்காரர் வீடு திரும்பினார். பச்சை விளக்கு எரிந்தது. பூட்டு இன்னும் உடைந்தபடியேதான் இருக்கிறது.

ஆகவே தாங்கள் தயவு கூர்ந்து, இந்த 60 அறைக்குள் பூட்டு மட்டும் அடங்கிய ஓர் அப்டேட்டைத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நீச்சல் குளத்தை நீச்சல் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். முடியாதென்றால், பெட்டி மேலேயே 'இந்த வீட்டுக்கு இத்தனை வருஷம்தான் பூட்டு மாற்றித் தருவோம்' என்று அச்சடித்துவிடுங்கள். 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில் இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். அங்கே விற்கும்போது சொல்லத் தெரிந்த வாய்க்கு இங்கே மட்டும் என்ன கொழுக்கட்டையா? மறுபடியும் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் குடித்தனக்காரன்

பி.கு.: இந்தப் புகாரைத் தங்கள் தளத்தில் ஏற்றப் போனபோது ரௌட்டரின் பின்பக்க லேபிளைப் படம் எடுத்து இணைக்கச் சொன்னது, அளவு 50 கே.பி.க்குள். 49-இல் அனுப்பியிருக்கிறேன். சீரியல் நம்பரின் பதின்மூன்று எழுத்தும் தெளிவாகப் படிக்கலாம்.