காம்பரா மரபியல்

பலகை ஆட்டங்களை வகைப்படுத்திய பெரியவர் ஒருவர் உண்டு. எச். ஜே. ஆர். மரே என்ற ஆங்கிலேயர் 1952இல் வந்த தம் நூலில், உலகத்து ஆட்டங்களையெல்லாம் வரிசை சேர்ப்பது, போரிடுவது, வேட்டையாடுவது, ஓடிக் கரைசேர்வது, குழியில் காய் போடுவது என்று ஐந்து பெட்டிக்குள் அடைத்துவிட்டார். அந்தக் கணக்கில் டாம் போர், ஆடுபுலி வேட்டை, தாயம் ஓட்டம், பல்லாங்குழி குழி. குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஆட்டத்தைப் பகுத்தாரே தவிர, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளை அவர் பகுக்கவில்லை. நாலு வயசுப் பிள்ளையோடு உட்கார்ந்தவருக்குத் தெரியும், பலகையில் என்ன ஆட்டம் என்பது ஒரு பொருட்டே அல்ல.

அக்குறை தீரவே இச்சிறு நூல். ஆய்வுக்களம்: அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், அதன் லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, முன்னால் ஓர் இஸ்தோப்பு. காலம்: ஆகஸ்ட் விடுமுறை, மழையும் விட்டபாடில்லை, கரண்டும் வந்தபாடில்லை. ஆய்வுப் பொருள்: அண்ணன் பிள்ளைகள் மூவர், பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள், எண்ணிக்கை நிலையில்லை. முறை தொல்காப்பியருடையது. மரபியலில் அவர் உயிர்களை ஓரறிவு தொடங்கி ஆறறிவு வரை மெய், நா, மூக்கு, கண், செவி, மனம் என்று ஏற்றிக்கொண்டே போகிறார். வீட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்துத்தான் எழுதினாரோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

ஓரறிவினர்க்குத் தொடுவது ஒன்றே ஆட்டம். பலகையை விரித்ததும் தவழ்ந்து வந்து காய்களைக் கலைப்பார். வயது ஒன்று. இதுவரை தோற்றதில்லை.

ஈரறிவினர் காயை வாயில் போட்டுப் பார்ப்பவர், மூவறிவினர் மூக்கில். இவ்விரு வகையையும் சேர்த்தே ஆராய வேண்டும், ஏனெனில் எங்கள் வீட்டுப் பல்லாங்குழிக்குக் காய் மாறியதே இவர்களால்தான். சிங்கள ஊர்களில் ஏப்ரல் புத்தாண்டுக்கு ஆடும் ஒலிந்த கெலிய நம் பல்லாங்குழிக்குத் தங்கச்சி முறை. ஒலிந்த என்றால் குன்றிமணி. பார்க்க அவ்வளவு அழகு, மென்றால் நஞ்சு. ஆகவே ஈரறிவினர் இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது. புளியங்கொட்டைக்கு அந்தப் பயம் இல்லை. 14 குழிக்கு ஐந்தைந்தாக 70 கொட்டை வைத்து ஆடினோம். ஒருநாள் எண்ணிப் பார்த்தால் 69. எழுபதாவது கொட்டை மூவறிவினர் ஒருவரின் இடது மூக்கில் இருந்தது. மழையில் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடி எடுத்தோம். மறுநாள் பிள்ளைகளின் அப்பாயி ஓரத்து மலைக்குப் போய், கவாத்து வெட்டாமல் மரமாகிப் போன பழைய தேயிலைக்கடியில் விதை பொறுக்கி மடி நிறையக் கொண்டுவந்தார். இப்போது நடுவதெல்லாம் வெட்டித் துளிர்க்கவைத்த வீ.பீ. கன்று, விதைத் தேயிலைக்கு இனி இந்த ஒரு வேலைதான். கோலிக்குண்டுப் பருமன், மூக்குக்குள் போகாது. வாய்க்குள் போனால் கசப்புத் தாங்காமல் துப்பிவிடுகிறார்கள். ஆராய்ச்சி நிறுவனங்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நாலறிவினர்க்குக் கண் உண்டு, எண் இல்லை. பகடையில் ஆறு விழுந்தால் எண்ணமாட்டார். ‘ரெண்டு வரிசை’ என்பார். பரமபதத்தை வகுத்தவர்கள் பாம்பைப் பாவத்தின் பலனாக வைத்தார்கள். இவருக்கு அது சறுக்குமரம். பெரிய பாம்பு தன்னைக் கடிக்கவில்லை என்று அழும் பிள்ளையைத் தேற்ற எந்தச் சாஸ்திரத்திலும் வழி சொல்லவில்லை.

ஐந்தறிவினர் செவியால் ஆடுபவர். எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. இங்கே தாயக்கட்டை உருண்டால் அங்கே கேட்கும். “டேய், அது அஞ்சுடா, ஆறில்ல!” என்று அடுத்த காம்பரா அத்தை ரொட்டி தட்டிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். “அவன் கத்துற சத்தத்துலயே தெரியும்ல தம்பி” என்றார். ஆக, இருவர் ஆடும் ஆட்டம் என்று ஒன்று லயத்தில் கிடையாது. மரேயின் நூலில் இது இல்லை.

இனி ஆறறிவினர். இவருடைய அடையாளம் கள்ளாட்டம். சுவிட்சர்லாந்தில் கோலி ஆடும் பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு உளவியல் அறிஞர் பியாஜே 1932இல் ஒரு நூல் எழுதினார்: சின்னதுகள், விதி என்பது பெரியவர்கள் தந்தது, தொடவே கூடாது என்று சாதிக்கும், ஆடும்போது தன் இஷ்டத்துக்கு ஆடும். அவர் அட்டனுக்கு வந்திருந்தால் கட்டிலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதையும் எழுதியிருப்பார். பகடை கட்டிலுக்கடியில் உருண்டுவிடும். அண்ணனின் மூத்த மகன், வயது ஏழு, டோர்ச் வேண்டாமென்று சொல்லி உள்ளே ஊர்ந்து போவான். வெளியே இரண்டு பாதம் மட்டும் தெரியும். கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு இருட்டுக்குள்ளிருந்து “ஆறு!” பகடை மூடிய கையோடு வெளியே வரும். இந்த விடுமுறையில் கட்டிலுக்கடியில் ஆறைத் தவிர வேறெதுவும் விழுந்ததில்லை.

அப்பாயியிடம் மட்டும் இது செல்லாது. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்தெடுத்தவர். சொன்ன கிலோ நிறைந்தால் முழுநாள் கூலிக்கு முழுப்பேர், குறைந்தால் பாதிக் கூலிக்கு அரைப்பேர் என்ற கணக்கிலேயே காலம் போனவர். “தராசுல கூடைக்கு, தண்ணிக்குன்னு கழிச்ச ஆளையெல்லாம் பார்த்தாச்சு, நீ எம்மாத்திரம்?” என்பார். பிள்ளைக்காக விட்டுக்கொடுத்துத் தோற்பது அவர் வம்சத்திலேயே இல்லை.

ஒப்புக்குச் சப்பாணி எவ்வகையிலும் சேராது. காய் உண்டு, முறை உண்டு, வெட்டுப்படுவது மட்டும் இல்லை. தொல்காப்பியரிடம் சொல்லை மட்டும் கடன் வாங்கி, கிளைப்பிறப்பு என்று ஒதுக்கிவிடுகிறேன்.

கடைசியாக ஒரு சோதனை. கொழும்பிலிருந்து மொனோபொலி வாங்கிப் போயிருந்தேன். காணிக்காரன் வாடகையால் கொழுக்க மற்றவர் ஓட்டாண்டியாவதைக் காட்டவென்று எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904இல் காப்புரிமை பெற்ற ஆட்டம் அதன் தாய். 1935இல் ஒரு கம்பெனி கையில் மொனோபொலியாகி, கொழுப்பதே வெற்றி என்றாகிவிட்டது. அப்பாயியையும் உட்காரவைத்தோம். ஒரு சுற்றுக்கு 200 சம்பளம் என்றதும், “சும்மா சுத்தி வந்ததுக்கா?” என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சை வீட்டைக் கையில் எடுத்து, “இதுக்கு ஏழு பேர்ச் காணி உண்டா? உறுதி குடுப்பாங்களா?” என்றார். அட்டையை உறுதி என்று காட்டினோம். மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

மூன்றாம் சுற்றில் அவர் காய் பேரனின் வீட்டில் போய் நின்றது.

“அப்பாயி, வாடகை எரநூறு குடு.”

கையில் ஐம்பதுதான் இருந்தது. “காசு இல்ல சாமி. நாளைக்கு மலைக்கு வர்றேன், பேர் போட்டுக் கழிச்சுக்க.”

அவன் கொஞ்சம் யோசித்தான். கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் கோடு போட்டு அப்பாயியின் பேரை எழுதினான். பக்கத்தில், அரை என்று போட்டான்.