மாசி மகம் முதல் சித்திரை வரை: கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: நம் பக்கத்தில் வசந்தம் எப்போது தொடங்குகிறது? (திட்டக்குடி வாசகி)

பதில்: வெள்ளாற்று மணலில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். விடியலில் சில்லென்றும் உச்சிவேளையில் சுள்ளென்றும் இருந்தால் மாசி வந்துவிட்டது. முந்திரிக்காட்டில் பூ வாசனையும் சேர்ந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஊர்க்காரர்களுக்கு விருத்தாசலத்தில் மாசி மகத்துக்குக் கொடி ஏறினால்தான் கணக்கு.

கேள்வி: மாசி மகத்துக்குக் காசிக்குப் போகலாம் என்கிறார் மாமனார். போகட்டுமா? (பெண்ணாடம் வாசகர்)

பதில்: தாராளமாகப் போய்வரட்டும். போகுமுன் விருத்தாசலம் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். ‘காசிக்கு வீசம் அதிகம்’ என்று விருத்தகாசியான விருத்தாசலத்தைப் பற்றித்தானே நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள்? அங்கே மணிமுத்தாற்றில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க விடியலிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். முடிந்தால் மகத்துக்கு முந்தின நாளே போகச் சொல்லுங்கள், தேரோட்டம் கிடைக்கும். விருத்தாசலம் பழமலைநாதருக்கு எல்லாமே ஐந்து: 5 கோபுரம், 5 பிராகாரம், 5 தேர்.

ஆறாம் நாள் விழா விபசித்து முனிவருக்கு இறைவன் காட்சி தந்ததைக் கொண்டாடுவது. கோயில் திருப்பணி செய்தவர்களுக்கு முனிவர் வன்னி இலைகளைத்தான் கூலியாகக் கொடுப்பாராம். அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அவை பொன்னாகுமாம். கூலி உழைப்பின் அளவுக்கு வரவேண்டும் என்ற நியாயத்தை இத்தனை அழகாகச் சொன்ன தலபுராணம் எனக்கு வேறு தெரியாது.

கேள்வி: ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடியது யார்?

பதில்: சுந்தரர். பழமலைநாதரிடம் பெற்ற 12,000 பொன்னை இதே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணச் செய்தி.

கேள்வி: கொடுத்த கடன் திரும்பவில்லை. பங்குனி உத்திரத்துக்குக் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டலாமா? (இறையூர் வாசகர்)

பதில்: கட்டலாம். விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் முருகன்தான் கொளஞ்சியப்பர் என்ற பெயரில், உருவமில்லாமல், பலிபீட வடிவில் இருக்கிறார். உங்கள் பெயர், ஊர், குறை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதவேண்டும். அதைச் சுவாமி பாதத்தில் வைத்துப் பூசை செய்து, விபூதியோடு பொட்டலமாக மடித்துத் தருவார்கள். முனியப்பர் சந்நிதி வேலில் அதை நூலால் கட்டிவிட்டு வரவேண்டும். வேலைச் சுற்றிலும் பொட்டலம் பொட்டலமாகத் தொங்கும். காணாமல் போன மாடும் பிரிந்துபோன மருமகளும் பாகம் கிடைக்காத தம்பியும் அதற்குள் இருப்பார்கள். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வரும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் போய்ப் பிராதை வாபஸ் வாங்குவதும் முறை, அதை மறந்துவிடாதீர்கள். தன் மனக்குறையை ஒருவர் உட்கார்ந்து முழுசாக எழுதிப் பார்ப்பதிலேயே பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். ஒரு எச்சரிக்கை: உத்திரத்தன்று பால்குடமும் காவடியுமாக ஜனம் நெரியும். பிராது கட்ட வேறொரு நாள் நல்லது.

கேள்வி: திருவிழா என்றால் ஒரு மதத்துக்காரர்களுக்கு மட்டும்தானா?

பதில்: ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் போகிறார். வழியில் தைக்கால் தர்கா முன் பல்லக்கு நிற்கும். இஸ்லாமியப் பெரியவர்கள் மாலை சாற்றி வரவேற்பார்கள். பெருமாளின் மாலையும் பிரசாதமும் தர்காவுக்குப் போகும். போய்ப் பாருங்கள், கேள்வியே எழாது.

கேள்வி: பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்கு வசந்தத்தில் என்ன வேலை? கொலுவும் கார்த்திகையும் தூரத்தில் இருக்கின்றனவே?

பதில்: வெயில்தான் வேலை. கொலு பொம்மையும் அகல் விளக்கும் இப்படித்தான் பிறக்கின்றன: தயிர்போலக் கரைத்த களிமண் குழம்பைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, ஓரத்தில் மண் ஏடு கட்டுகிறது. வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்து வடித்துவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே வெற்றிடமான ஒரு கிருஷ்ணர்! கத்தியால் விளிம்பைச் செதுக்கி, ஈரத் துணியால் தடவிக் காயவைப்பார்கள். ஈரம் தங்கிய பொம்மை சூளையில் வெடித்துவிடும். அதனால் பங்குனி, சித்திரை வெயில் இந்தத் தொழிலாளிக்குக் கூட்டாளி. புரட்டாசியில் கொலுப்படிக்குப் பொம்மை வாங்கும்போது, தயவுசெய்து பாதி விலைக்குக் கேட்காதீர்கள்.

கேள்வி: சித்திரை முதல் நாள் பச்சடியில் வேப்பம்பூவைக் குறைத்துப் போடலாமா? பிள்ளைகள் துப்புகிறார்கள்.

பதில்: மாங்காயையும் வெல்லத்தையும் கூட்டுங்கள். பூவை நெய்யில் மொறுமொறுவென்று வறுத்துக் கடைசியில் தூவுங்கள். விட்டுவிட மட்டும் வேண்டாம்.

கேள்வி: திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை?

பதில்: மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றில் கலக்கிறது. இரண்டிலும் வசந்தத்தில் தண்ணீர் குறைவு. முழுகி எழுந்து பழந்துணியை ஆற்றிலேயே விட்டுவந்தால், அது அடித்துக்கொண்டு போகாது. அங்கேயே கிடந்து மக்கும். தர்ப்பணம் முடிந்ததும் துணி, பிளாஸ்டிக் பை, இலை எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு கரையேறுங்கள்.