பாதி விலைக்குக் கேக்கப் போறியாக்கும்?

டெல்லி சரோஜினி நகர்ல பனியனுக்குப் பேரம் பேசின அதே நாக்கோட வைரக் கடைக்குக் கெளம்பிட்டே. போயிட்டு வாலே, பேரா. நான் தடுக்கல. ஐந்நூறுன்னு சொன்னவனை நூத்தம்பதுக்குக் கேட்டு, கூப்பிடுதானான்னு காதைப் பின்னால வச்சுக்கிட்டே பத்தடி நடந்து காட்டி, கடைசியில நூத்தி எம்பதுக்கு வாங்கிட்டு வந்த வீரன் நீ. ஏற்றுமதிக்குத் தைச்சு மிஞ்சின துணி. பித்தான் ஒண்ணைக் காணோம், கை ஒண்ணு நீளம். அதுக்கு அவன் சொன்னதும் விலை இல்ல, நீ கேட்டதும் விலை இல்ல. நகைக் கடையிலயும் பாதிக்குக் கேட்டுப் பாரு. "தாரேன் சார், உக்காருங்க"ம்பான். சிரிச்சுக்கிட்டே தருவான். அங்ஙனதான் நீ மாட்டிக்கிடுதே.

ஏன்னா அவன் எடுத்து நீட்டுதது லேப்ல வளத்த கல்லா இருக்கும். அதுல பொய் கெடையாது. அதுவும் வைரம்தான்; பூமிக்குள்ள வெளையாம மெஷினுக்குள்ள வெளஞ்சிருக்கு, அவ்வளவுதான். 2023 ஜூன்ல நம்ம பிரதமர் அமெரிக்கா போனப்ப பைடன் வீட்டம்மாவுக்கு 7.5 கேரட் பச்சை வைரம் கொடுத்தாரே, அது லேப் கல்லுதான். அந்தம்மாவுக்கே அது போதும்னா நீ கட்டிக்கப்போற புள்ளைக்கும் போதும். ஆனா வெட்டி எடுத்த கல்லோட விலையை மனசுல வச்சுக்கிட்டு, அதுல பாதியைக் கொடுத்து வளத்த கல்லை வாங்கிட்டு, "தாத்தா, ஜெயிச்சுட்டேன்"னு எம் முன்னால வந்து நிக்காதே. அந்தக் கல்லு விலை எறங்கிக்கிட்டே இருக்கு. டி பியர்ஸ் கம்பெனி 2018ல லைட்பாக்ஸ்னு ஒரு கடையைத் தொறந்து கேரட் 800 டாலர்னு வித்துப் பாத்தான். 2025ல மூடப்போறேன்னுட்டான். உலக வைரத்தையே கையில வச்சிருந்தவன் தாக்குப் பிடிக்கல, நீ அதை முதலீடுங்கே.

சரி, மண்ணுல வெளஞ்ச கல்லுதான் வேணும்னு நிக்கே. செல்லை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல வச்சு, "ஆன்லைன்ல இந்த விலை, நீர் என்ன சொல்லுதீர்?"னு மொறைக்கப் போறே. அவன் நிமிந்துகூடப் பாக்க மாட்டான். "அந்தக் கல்லை நேர்ல பாத்தீங்களா, சார்?"னு ஒரு கேள்விதான் கேப்பான். நீ விநாயகர் கோயில் வாசல்ல செருப்பைத் தொலைச்சவன் மாதிரி முழிப்பே.

மேலப்பாளையம் சந்தையில மாடு பிடிக்கும்போது துண்டைப் போட்டு மூடி, தரகன் விரலைப் பிடிச்சு விலை பேசுவான், பாத்திருக்கியா? வைர யாவாரமும் ரொம்ப நாளா அப்பிடித்தான் நடந்துச்சு. 1978ல மார்ட்டின் ராப்பப்போர்ட்னு நியூயார்க்குக்காரன் ஒரு விலைத்தாளைப் போட ஆரம்பிச்சான். இன்னைக்கும் யாவாரிங்க தங்களுக்குள்ள பேசும்போது, அந்தத் தாள் விலைக்கு எத்தனை சதவீதம் கீழன்னுதான் பேச்சு. பெறவு ஆன்லைன்ல விக்க 1999ல அமெரிக்காவுல ப்ளூ நைல் வந்தான், 2008ல நம்ம சென்னையிலயே கேரட்லேன் வந்தான். துண்டை உருவியாச்சு, ஒன்னைப் போல பொடிப்பயலும் விலையைப் பாக்கான். விலையைப் பாத்தியே, மாட்டைப் பாத்தியா?

ஒரு கேரட்டுங்கது 200 மில்லிகிராம். அதை நூறு சென்ட்டாப் பிரிச்சிருக்கான். 97 சென்ட்டுக் கல்லுக்கும் 100 சென்ட்டுக் கல்லுக்கும் வித்தியாசத்தை ஓங் கண்ணு கண்டுபிடிக்காது, பர்ஸு கண்டுபிடிச்சிரும். நூறைத் தொட்டதும் கேரட் விலையே ஒரு படி ஏறிரும். அதனால வெட்டுதவன் கல்லை அழகா வெட்டாம, நூறு எட்டணும்னு அடிவயித்துல எடையை விட்டு வைப்பான். மேல இருந்து பாத்தா சின்னக் கல்லு, தராசுல முழுக் கேரட்டு. ஆன்லைன்ல மலிவாத் தெரியுதுல்லா, அதுல இப்பிடித் தொந்தி போட்ட கல்லும் உண்டு. கல்லைச் சோதிக்குத லேப் கொடுக்குத காகிதத்துல கட் எப்பிடின்னு போட்டிருக்கும், முதல்ல அதைப் பாரு. சர்ட்டிபிகேட் எந்த லேப் கொடுத்ததுன்னும் பாரு. எல்லா லேபும் ஒரே கண்ணால பாக்காது.

கல்லுல குத்தம் பாக்கதை அமெரிக்காக்காரன்தான் கண்டுபிடிச்சான்னு நெனைக்காதே. சிலப்பதிகாரத்துல கோவலன் மதுரை ரத்தினக் கடைத் தெருவைச் சுத்திப் பாக்கும்போதே காகபாதம், களங்கம், விந்து, ஏகைன்னு வைரத்துக்கு நாலு குத்தம் சொல்லியிருக்கு. கல்லைத் தரம் பிரிக்குத ஜிஐஏங்குத அமெரிக்க நிறுவனம் ஆரம்பிச்சதே 1931லதான். என்ன, அம்புட்டு வெவரமா ஊரைப் பாத்த மனுசன் சிலம்பை விக்கப் போன எடத்துல ஏமாந்தான்.

இன்னொண்ணு சொல்லுதேன், இது ஒன் செல்லு சொல்லாது. விநாயகர் கோயிலுக்கு வார பழைய மாமிங்க காதுல ஏழு கல்லுத் தோட்டைப் பாத்திருப்பே. வெயில்ல நின்னா நீலமா ஒரு ஓட்டம் ஓடும். ப்ளூ ஜாகர்னு பேரு. தென்னாப்பிரிக்காவுல யாகர்ஸ்ஃபொன்டெய்ன்னு ஒரு சொரங்கம், அந்த ஊர்ப் பேருதான் நம்ம வாயில அப்பிடி ஆயிருச்சு. அந்த நீல ஓட்டத்துக்காகவே நம்ம ஆளுக கூடக் கொடுத்து வாங்கினாக. இன்னைக்கு அதே குணத்தை லேப்காரன் காகிதத்துல ப்ளூரசன்ஸ்னு ஒரு வரியா எழுதி, அது ஸ்ட்ராங்னு போட்டுட்டான்னா, நல்ல நிறக் கல்லுக்கு யாவாரி விலையைக் கொறைக்கான். வெள்ளைக்காரனுக்குக் குத்தம், நம்ம மாமிக்கு அழகு. ஆன்லைன்ல அப்பிடி விலை கொறைச்சு ஒரு கல்லு கெடந்து, பால் மாதிரி மங்கித் தெரியாம பளிச்சுன்னும் இருந்துச்சுன்னா, கமுக்கமா எடு. அது சூட்சுமம். வெளிய சொல்லாதே.

கடைக்காரன்ட்ட எதைக் கேக்கணும்? ஆன்லைன்காரன் காட்டுத கல்லு முக்காவாசி அவன்ட்டயே இருக்காது. சூரத்துலயோ மும்பையிலயோ ஒரு யாவாரி பெட்டியில கெடக்கும். இவன் படத்தை மட்டும் காட்டுதான். ஒங் கடைக்காரனாலயும் தரகன் மூலமா அந்த மாதிரிக் கல்லை வரவழைக்க முடியும். அதனால "இந்த விலைக்குத் தருவியா?"ன்னு கேக்காதே, ரோஷம் வந்துரும். "அண்ணாச்சி, இந்த மாதிரிக் கல்லு நாலை வரவழைச்சுக் காட்டும், ஒமக்கு என்ன கூலி?"ன்னு கேளு. டெல்லிக்காரனுக்கு அண்ணாச்சி புரியாது. "பாய் சாப்"னு சொல்லிக்கோ. விலையை எறக்கச் சொன்னா எதிரி, வேலை கொடுத்தா தோஸ்த்.

பெறவு பில்லைப் பிரிச்சுக் கேளு. கல்லுக்கு எவ்வளவு, தங்கத்துக்கு எவ்வளவு, செய்கூலி எவ்வளவு. மொத்தமா ஒரே தொகைன்னான்னா எந்திரிச்சிரு. கல்லோட எடையைத் தங்க எடையில சேத்துப் போடுதவனும் இருக்கான். தங்கத்துக்கு நிகர எடைதான் கணக்கு. கல்லுல அவன் பெருசா எறங்க மாட்டான், செய்கூலியிலதான் எறங்குவான். அங்ஙன சரோஜினி நாக்கை நீட்டு, நல்லா நீட்டு. ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்து எச்யுஐடியும் தங்கத்துக்குச் சாட்சி, கல்லுக்கு இல்ல. 2023 ஏப்ரல்ல இருந்து எச்யுஐடி இல்லாம ஹால்மார்க் நகை விக்கக்கூடாது. அதைக் காட்டி, "பாருங்க சார், கவர்மெண்டே சொல்லிருச்சு"ன்னு கல்லையும் சேத்து விப்பான். கல்லுக்கு ஜிஐஏ காகித நம்பர், கல்லு விளிம்புல லேசர்ல பொறிச்ச நம்பர், ரெண்டும் ஒண்ணான்னு லென்ஸ் வாங்கிப் பாரு. இயற்கைக் கல்லுன்னு பில்லுல எழுதச் சொல்லு. நாளைக்குத் திருப்பிக் கொடுத்தா காசாத் தருவியா, வேற நகைக்கு மாத்துவியா, எவ்வளவு கழிப்பேன்னும் எழுதச் சொல்லு. "பில் வேண்டாம்னா மூணு சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம், சார்"னு குரலைத் தாழ்த்துவான். நீயும் குரலைத் தாழ்த்தி, "பில் போடும்"னு சொல்லு.

எல்லாம் முடிஞ்சு பணத்தை எடுக்கப் போறப்ப நம்ம ஊர் வழக்கத்தை எடுத்து விடு. "எங்க சாதி சனத்துல வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கிடாது, தலமாட்டுல வச்சு மூணு ராத்திரி படுத்துப் பாக்கணும், கெட்ட கனவு வந்தா ஆகாது"ன்னு மூஞ்சியைப் பாவமா வச்சுக்கிட்டுச் சொல்லு. முன்பணம் கேப்பான், கொடு, ரசீது வாங்கிக்கோ. ராத்திரிதான் கல்லு தலமாட்டுல இருக்கணும். பகல்ல அது சும்மாதானே கெடக்கும்? எடுத்துக்கிட்டு கரோல் பாக் பேங்க் ஸ்ட்ரீட்டுக்குப் போய், வேற ரெண்டு கடையில காட்டி விலை கேட்டுட்டு வந்துரு. அவனுக சொல்லுதது ரொம்பக் கொறைவா இருந்துச்சுன்னா அன்னைக்கு ராத்திரியே ஒனக்குக் கெட்ட கனவு வந்துரும். பாம்பு வந்துச்சுன்னு சொல்லு. டெல்லிக்காரன் கனவுக்குப் பில் கேக்க மாட்டான். ஆனா திங்கக்கெழமை போய் நிக்காதே, சந்தைக்கு லீவு.