வானத்தில் முட்டுக்கட்டை கிடையாது

(நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் தேரோட்டத்துக்கு முந்தின நாள், டீக்கடை. பேசுகிறவர்கள்: தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் மாமா, புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் மாப்பிள்ளை.)

மாமா: ஏம் மாப்ள, நாளைக்கு வடம் பிடிப்பியா, இல்ல ஓரமா நின்னு செல்போன்ல படம் பிடிப்பியா?

மாப்பிள்ளை: வர்றேன் மாமா. இப்ப மங்கள்யான் விண்கலத்தைப் பத்திப் படிச்சுக்கிட்டிருக்கேன். 2013 நவம்பர் 5ல ஸ்ரீஹரிகோட்டாவுல கிளம்புச்சு. செவ்வாய்க்குப் போற வழியில கிட்டத்தட்ட 300 நாள் பெரிய இஞ்சினை அணைச்சே வச்சிருந்தாங்க.

மாமா: நின்னு போயிருக்குமே?

மாப்பிள்ளை: நிக்கல. அதுபாட்டுக்குப் போச்சு.

மாமா: கதை விடாத. இழுக்காம எது நகரும்? வடத்தை விட்டா தேர் நிக்குது. நூறு ரூபா வைக்கலேன்னா பட்டா மாறுதல் மனு அடுத்த மேசைக்கு நகர மாட்டேங்குது.

மாப்பிள்ளை: தேர் தானா நிக்கல மாமா, நிறுத்துறாங்க. அச்சு உரசுது, மண்ணு பிடிக்குது, போதாததுக்கு நீங்க வேற கட்டையும் கையுமா உக்காந்திருக்கீங்க. வானத்துல உரச ஒண்ணும் இல்ல. எதுவும் குறுக்க வராட்டி, ஓடுறது அதே வேகத்துல நேர்கோட்டுல ஓடிக்கிட்டே இருக்கும்னு நியூட்டன் 1687லயே எழுதிட்டாரு.

மாமா: அப்ப செவ்வாய்க்கு நேரா விட்டிருப்பாங்க.

மாப்பிள்ளை: அதான் இல்ல. சூரியன் இழுத்துக்கிட்டே இருக்கு, பாதை வளைஞ்சுதான் போகும்.

மாமா: அம்புட்டுத் தூரத்துலருந்து, வடமே இல்லாமலா! இங்க வடத்தைக் கையில வச்சிருக்கவனே இழுக்க மாட்டேங்கிறான். சும்மா தொட்டுக்கிட்டு, 'இழுங்கப்பா இழுங்க'ங்கிறான். சரி, அந்த இஞ்சினுக்கு எம்புட்டுப் பலம்?

மாப்பிள்ளை: 440 நியூட்டன். 45 கிலோ மூட்டையைத் தாங்கிப் பிடிக்கிற பலம்.

மாமா: ப்பூ! வண்டி எம்புட்டுக் கனம்?

மாப்பிள்ளை: கிளம்புறப்ப 1,337 கிலோ.

மாமா: எங்க தேருக்கு முன்னால ஊரே நிக்குது!

மாப்பிள்ளை: அம்புட்டுப் பேரும் உரசலோடதான் மாமா மல்லுக்கட்டுறாங்க. மேல அந்தச் சண்டையே இல்ல. கொஞ்சமாத் தள்ளுனாலும் தள்ளத் தள்ள வேகம் சேரும்.

மாமா: எதை மிதிச்சுத் தள்ளும்? கால் ஊனத் தரை வேணாமா?

மாப்பிள்ளை: வயித்துல இருக்குற எரிபொருளை எரிச்சு அந்தப் பக்கம் வீசும். வீசுன வேகத்துக்கு இந்தப் பக்கம் தான் நகரும்.

மாமா: கூடவே இருந்தவனை வெளிய தள்ளித் தான் முன்னேறுறதா? இதுக்கு ராக்கெட் எதுக்கு? நம்ம கட்சிக்காரங்களைக் கேட்டாலே சொல்லியிருப்பாங்களே. சரி, செவ்வாய்கிட்ட போனதும் கட்டை போட்டது யாரு?

மாப்பிள்ளை: அங்கதான் மாமா சிக்கல். 300 நாள் தூங்குன இஞ்சின் எந்திரிக்குமான்னு பயந்து, ரெண்டு நாள் முன்னாடி 4 வினாடி கொளுத்திப் பாத்தாங்க. 2014 செப்டம்பர் 24 காலையில வண்டியைத் திருப்பி, இஞ்சின் வாயைப் போற பக்கமா வச்சு 24 நிமிசம் எரிச்சாங்க. நொடிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல வேகம் குறைஞ்சுச்சு. அப்புறந்தான் செவ்வாயோட பிடிக்குள்ள வந்துச்சு. குறையலேன்னா தாண்டிப்போய்ச் சூரியனைத்தான் சுத்திக்கிட்டுக் கிடக்கணும்.

மாமா: கட்டையை எப்பப் போடணும்னு யாரு குரல் கொடுத்தா?

மாப்பிள்ளை: இங்கருந்து சொன்னாப் போய்ச்சேரவே 12 நிமிசம் ஆகும். அதனால முன்னாடியே எல்லாக் கட்டளையையும் ஏத்திட்டாங்க. எரிஞ்சதுல பெரும்பகுதி செவ்வாய்க்குப் பின்னால, யாரு கண்ணுக்கும் படாம.

மாமா: மேலதிகாரி பாக்காத எடத்துல வேலை நடந்துச்சா! அது அரசாங்க வண்டியா என்ன?

மாப்பிள்ளை: இஸ்ரோ மாமா. 450 கோடி ரூபா. ஆறு மாசம் உழைச்சாப் போதும்னு அனுப்புனாங்க, ஏழு வருசத்துக்கு மேல உழைச்சுது.

மாமா: ஏழு வருசமா? எங்க தெரு சிமெண்ட் ரோடு திறப்பு விழாப் பந்தலைப் பிரிக்கிறதுக்குள்ள பேந்து போச்சு. இம்புட்டுச் செஞ்சதுக்கு என்ன மரியாதை பண்ணுனாங்க?

மாப்பிள்ளை: 2000 ரூபா நோட்டுல படம் போட்டாங்க.

மாமா: அந்த நோட்டைத்தான் கண்ணுலயே காணோமே!

மாப்பிள்ளை: 2023 மே மாசம் வாபஸ்னு அறிவிச்சுட்டாங்க. மங்கள்யானோட தொடர்பு 2022லயே அறுந்துபோச்சு. ஆனா யாரும் தள்ளாமயே, யாரும் இழுக்கலேன்னு சொல்ல முடியாது, செவ்வாய் இழுக்குற இழுப்புல அது இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு.